நாகர்கோவிலில் மனச்சாட்சியோடு பொருள் வாங்குவது: சின்னக் கடைகளிடம் நாம் எதைக் கேட்க வேண்டும்?

வடசேரி மருமகள் (நாகர்கோவில்)

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, எங்கள் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. அட்டை தேய்க்கும் இயந்திரம் ஓடாததால், நாங்கள் மாதச் சாமான் வாங்கிக் கொண்டிருந்த பெரிய கடை அடைத்தே கிடந்தது. தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பற்று நோட்டைத் திறந்து வைத்துக் கொண்டு, முன்பின் கணக்கு இல்லாத வீடுகளுக்கும் அரிசியும் தீப்பெட்டியும் கொடுத்தார். அதுவரை அவர் கடையில் நான் அவசரத்துக்குக் கொத்தமல்லித்தழை மட்டுமே வாங்கியிருந்தேன் என்பதை நினைத்து அன்று வெட்கப்பட்டேன். அடுத்த மாதம் முதல் எங்கள் வீட்டுச் சாமான்களை, இயன்றவரை, ஊரில் தனியாள் நடத்தும் கடைகளிலேயே வாங்குவது என்று முடிவு செய்தோம்.

ஆனால் அந்த முடிவோடு மட்டும் நின்றுவிட்டால் நாம் ஏமாறுவோம் என்பதைச் சென்ற ஆண்டு கற்றுக் கொண்டேன். அதே அண்ணாச்சியிடம் கருப்பட்டி வாங்கி வந்தேன். என் மாமியார் ஒன்றை எடுத்து அம்மிக்கல்லில் தட்டி இரண்டாக உடைத்து, உடைந்த முகத்தை முற்றத்து வெயிலில் திருப்பிக் காட்டினார்கள். மங்கிய பழுப்பு நிறத்துக்கு நடுவே சீனிப் படிகங்கள் மணல்போல மின்னின. பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டி அப்படி மின்னாது என்றும், பதநீர் இறங்காத மாதத்திலும் கடையில் கருப்பட்டி குறைவில்லாமல் அடுக்கியிருந்தால் அதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றும் அவர்கள் சொன்னார்கள். மறுநாள் நான் அண்ணாச்சியிடம் அந்த இரண்டு துண்டுகளையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கு வருகிற சிப்பத்தைப் பிரித்து அடுக்குகிறேன் அம்மா, அது எந்தப் பனைவிளையிலிருந்து வருகிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை" என்றார்.

அந்தப் பதிலைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். கடை சின்னது என்பதற்காகவே அது நேர்மையான கடை ஆகிவிடாது. பனையேறியின் கூலியைப் பற்றியோ, பொருளில் உள்ள கலப்படத்தைப் பற்றியோ, கடைப் பிள்ளைகளின் சம்பளத்தைப் பற்றியோ பெரிய கடைக்கு இருக்கும் அதே அக்கறையின்மை சின்னக் கடைக்கும் இருக்கலாம். ஆனாலும் என் உடைந்த கருப்பட்டியை நேரில் வைத்துக் காட்ட ஒரு மனிதர் அங்கே இருந்தார், மறுமுறை சரக்கு எடுக்கும்போது அவரே கேள்வி கேட்டார், இப்போது ஈத்தாமொழிப் பக்கத்தில் ஒரு பனையேறிக் குடும்பத்திடமிருந்து, பருவத்தில் மட்டும், நேரடியாக எடுக்கிறார். விலை கூடியது. அதை நாங்கள் நான்கைந்து வீட்டுக்காரர்கள் மனமுவந்து கொடுக்கிறோம்.

ஆகவே இந்த ஊர்க்காரர்களிடமும், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, பாலராமபுரம், திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளம் (சந்தை) வரை உள்ளவர்களிடமும் கேட்கிறேன். உங்கள் தொழிலில் அல்லது உங்கள் கடையில், வாங்க வருகிறவர் என்ன கேட்டால் நிலைமை உண்மையிலேயே மாறும்? பொதுவான அறிவுரை வேண்டாம். ஒவ்வொரு பொருளாகச் சொல்லுங்கள்.

கோட்டாறு பலசரக்கு (நாகர்கோவில்)

நான் கம்போளத்தில் பலசரக்குக் கடை நடத்துகிறவன். என் பாட்டனார் காலத்தில் இது திருவிதாங்கூர் ராஜ்யத்துக்கு உட்பட்ட சந்தை. 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும், எங்கள் சரக்கில் ஒரு பகுதி இன்றுவரை களியக்காவிளை எல்லை தாண்டித்தான் போகிறது, வருகிறது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

தங்கை கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டால் கடைக்காரரால் பதில் சொல்ல முடியாது. நல்லமிளகு, கிராம்பு, ஏலம், சுக்கு, புளி போன்றவற்றுக்கு ஊர் உண்டு. எங்கள் மலையில் விளையும் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 2023-இல் மட்டிப் பழத்துக்கும் கிடைத்தது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கு அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. இவற்றை வாங்கும்போது "எந்த ஊர்ச் சரக்கு" என்று தாராளமாகக் கேளுங்கள். தரமான கிராம்பு நகத்தால் காம்பை அழுத்தினால் எண்ணெய் கசியும். எண்ணெய் இறக்கிவிட்ட கிராம்பு கருத்துச் சுருங்கி, மொட்டு உதிர்ந்து, வாசனை இல்லாமல் இருக்கும். இதை நீங்கள் என் கண் முன்னால் செய்து பார்த்தால் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் துவரம்பருப்புக்கும் கடலைப்பருப்புக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டால் நான் மொத்த வியாபாரியின் பெயரைச் சொல்லலாமே தவிர, விளைந்த வயலைச் சொல்ல முடியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள்.

அடுத்து, வீட்டுப் பாத்திரத்தில் வாங்கிப் போவது. அரிசி, பருப்பு, மிளகாய்வற்றல் ஆகியவற்றுக்கு எனக்கு அது மகிழ்ச்சியே. பை வாங்கும் செலவு எனக்கு மிச்சம். சமையல் எண்ணெய் விஷயம் வேறு. எண்ணெயைச் சில்லறையாகத் திறந்து அளந்து விற்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் பொதுவாகத் தடுக்கின்றன. மாநில அரசு குறிப்பிட்டு விலக்கு அளித்தால்தான் விற்கலாம். கலப்படத்தைத் தடுக்கத்தான் அந்த விதி. ஆகவே நீங்கள் தூக்குவாளி கொண்டு வந்து எண்ணெய் கேட்டு, நான் மறுத்தால், சுற்றுச்சூழல் அக்கறை எனக்கு இல்லை என்று பொருள் அல்ல. எண்ணெயில் புட்டி இல்லாமல் வாழ வேண்டும் என்றால் நம் ஊருக்கு ஏற்ற வழி பழைய வழிதான். வீட்டுத் தேங்காயை வெட்டி உலர்த்திக் கொப்பரையாக்கிச் செக்குக்குக் கொண்டுபோய் ஆட்டுங்கள். கூலி கொடுத்து, எண்ணெயும் பிண்ணாக்கும் உங்கள் கண் முன்னாலேயே வாங்கி வாருங்கள்.

ஒரு வேண்டுகோள். எங்களைக் கேள்வி கேட்பவர்கள், கேட்டுவிட்டு வாங்கவும் வேண்டும். ஒரு பொருளின் தரத்தை என் கடையில் பார்த்துத் தெரிந்துகொண்டு, செயலியில் விலை குறைவாக வாங்குகிறவர்கள் இப்போது அதிகம். பன்னாட்டுச் சோப்பிலும் பற்பசையிலும் எனக்குக் கிடைக்கும் லாபம் மிகச் சிறியது. என் கடை நிற்பது பிரித்து விற்கும் சரக்கில்தான்.

தறிவீடு (பாலராமபுரம்)

எங்கள் வீட்டில் இன்றும் பேச்சு தமிழ்தான். எங்கள் சாலியர் குடும்பங்களை மகாராஜா பாலராமவர்மா காலத்தில் வள்ளியூரிலிருந்து இங்கே அழைத்து வந்து குடியமர்த்தினார்கள் என்பது எங்கள் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. ஊரின் பெயரும் அந்த மன்னருடையதே. ஓணத்துக்கு முன் நாகர்கோவிலிலிருந்து பலர் கசவு முண்டும் (சரிகைக் கரை வேட்டியும்) நேரியலும் (மேல்துண்டும்) வாங்க வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கைத்தறி என்று நம்பி விசைத்தறித் துணியை வாங்கிப் போவதைப் பார்க்கிறேன். அதனால் இதை விரிவாக எழுதுகிறேன்.

கரையோரத்தில் ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. நெய்யும்போது துணி அகலத்தில் சுருங்காமல் இழுத்துப் பிடிக்க இரு முனையிலும் ஊசி உள்ள கோல் ஒன்றைப் பூட்டுவோம். அந்த ஊசிகளின் தடம் அது. விசைத்தறியிலும் துணியை இழுத்துப் பிடிக்கும் பாகம் உண்டு, அதுவும் தடம் வைக்கும். ஆகவே துளை மட்டும் சான்று ஆகாது. துணியின் முன்புறத்தையும் பின்புறத்தையும் கசவுக் கரையில் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பழைய முறை நெசவில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். பின்னால் வெட்டிவிட்ட நூல் முனைகள் தொங்கிக் கொண்டிருக்காது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊடையிழைகளின் (குறுக்கு நூல்களின்) நெருக்கத்தில் கை மாறிய இடங்கள் மெல்லத் தெரியும். விசைத்தறியில் அந்த நெருக்கம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக ஓடும். அந்தச் சிறு ஏற்ற இறக்கத்தைக் குறை என்று சொல்லி விலை குறைக்கக் கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள், அது நெய்தவரின் மூச்சு.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதவர்களுக்கு 2006-இல் மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை இருக்கிறது. கடைக்காரரிடம் அந்த முத்திரைச் சீட்டைக் கேளுங்கள். சட்டமும் நம் பக்கம்தான். கைத்தறிக்கென்று சில துணிவகைகளை ஒதுக்கி 1985-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. முதலில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன, பிறகு அது 11 ஆகக் குறைந்தது. சேலையும் வேட்டியும் துவர்த்தும் (துண்டும்) லுங்கியும் இன்னும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அந்த வகைகளை விசைத்தறியில் நெய்வது சட்டப்படி குற்றம். சட்டம் இருந்தும் கடைகளில் அந்தத் துணி மலையாகக் கிடப்பதற்குக் காரணம், கேட்பவர் இல்லாததுதான்.

கசவைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளிக் கம்பியில் பொன்முலாம் பூசிய சரிகை ஒன்று, செப்புக் கம்பியில் செய்தது ஒன்று, வெறும் பிளாஸ்டிக் பட்டையில் நிறம் ஏற்றியது ஒன்று என்று மூன்றும் கடையில் ஒரே பெயரில் தொங்குகின்றன. மூன்றாவதை வாங்குவது குற்றம் அல்ல. எல்லோராலும் முதலாவதை வாங்க முடியாது. ஆனால் மூன்றாவதை முதலாவதன் விலைக்கு விற்பதுதான் தவறு. "இது எந்தக் கசவு, அதை ரசீதில் எழுதித் தருவீர்களா" என்று கேளுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

நெசவாளிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டால் நேர்மையாகச் சொல்கிறேன். ஒரு சாதாரணக் கரை முண்டுக்குப் பாவு (நெடுக்கு நூல்) தோய்த்து, கஞ்சியிட்டு, தெருவில் நீட்டி உலர்த்தி, தறியில் ஏற்றி, நெய்து முடிக்க வீட்டில் மூன்று பேரின் உழைப்பு போகிறது. தறி ஏறுகிறவருக்கு மட்டுமே கூலி கணக்கிடப்படுகிறது. தறிக்கு நூல் (தார்) சுற்றும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் கணக்கு இல்லை. கூட்டுறவுச் சங்கத்திலோ நெசவாளி வீட்டிலோ நேரடியாக வாங்கினால் இதில் கொஞ்சமாவது எங்களுக்கு வந்து சேரும்.

நின்றே பழகியவள் (மார்த்தாண்டம்)

கருப்பட்டியையும் கசவையும் பற்றிப் பேசுகிறீர்கள். அந்தத் துணியை எடுத்து விரித்துக் காட்டுகிற எங்களைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன்.

நான் பதினொரு ஆண்டுகள் ஒரு துணிக்கடையில் வேலை செய்தேன். கடையின் பெயர் வேண்டாம். காலை ஒன்பதரைக்குள் நுழைந்தால் இரவு எட்டரை வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக்கூடாது. கண்காணிப்பவர் பார்த்தால் அரைநாள் சம்பளம் போகும். மாலை ஆனால் செருப்பின் வார் கால்வீக்கத்தில் பதிந்து வடு விழும். வீட்டுக்குப் போனதும் முதலில் நான் செய்வது, வாளியில் வெந்நீர் ஊற்றி உப்புப் போட்டுக் காலை வைப்பது. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டி வரும் என்று பயந்து பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்களில் நானும் ஒருத்தி.

எல்லைக்கு அந்தப் பக்கம், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடை ஊழியப் பெண்கள் விஜி பள்ளித்தொடியின் தலைமையில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகச் சேர்ந்து போராடினார்கள். அதன் பயனாக 2018-இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயம் ஆக்கியது. தமிழ்நாட்டில் 2021-இல் நம் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்து அதே உரிமையைக் கொடுத்தார்கள். ஊழியர் நாள் முழுவதும் நின்றுகொண்டே இராதபடி, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்ற இருக்கை இருக்க வேண்டும் என்பதே அந்தப் பிரிவு சொல்வது. இது பெரிய கடைகளுக்கு மட்டும் உரியது என்று பல சின்னக் கடை முதலாளிகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. ஒரு கடைக்குள் போனதும் சுற்றிப் பாருங்கள். வேலை செய்யும் பிள்ளைகளுக்கு முக்காலி இருக்கிறதா? இல்லையென்றால் முதலாளியிடம், ஊழியரிடம் அல்ல, முதலாளியிடம் மட்டும், தணிந்த குரலில் கேளுங்கள். ஊழியரிடம் கேட்டால் அவள் "எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை அக்கா" என்றுதான் சொல்ல முடியும். வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டிய துணியைத் தேர்ந்தெடுக்க முப்பது சேலைகளை விரிக்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் எழுந்து போவதையும் கொஞ்சம் குறைத்துக் கொள்ளுங்கள். அவற்றை மடித்து வைக்க எங்களுக்கு இடைவேளை போய்விடும்.

தறிவீடு (பாலராமபுரம்)

சகோதரி எழுதியதைப் படித்து வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நெய்கிறவனின் வலியை மட்டுமே நான் எழுதினேன். விற்கிறவளின் வலி எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிக்க வேண்டும்.

ஆட்டோ நிறுத்தம் (தக்கலை)

எல்லோரும் நல்ல மனத்தோடு எழுதியிருக்கிறீர்கள், அதில் ஐயம் இல்லை. ஆனால் என் வீட்டுக் கணக்கு வேறு. ஆட்டோ ஓட்டி வரும் பணத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன். பெரிய கடையில் மாதம் ஒருமுறை சலுகை விலையில் அரிசியும் எண்ணெயும் எடுத்தால் எனக்கு ஒரு நாள் டீசல் மிஞ்சும். கருப்பட்டிக்குக் கூடுதல் விலையும், கைத்தறிக்கு மூன்று மடங்கு விலையும் கொடுக்க எனக்கு வழி இல்லை. இப்படி வாங்குவதுதான் அறம் என்று சொன்னால், என்னைப் போன்றவர்கள் அறமற்றவர்கள் என்று ஆகிவிடும். அது சரியா என்று கேட்கிறேன்.

வடசேரி மருமகள் (நாகர்கோவில்)

சரியில்லை அண்ணே. நீங்கள் கேட்டது நியாயம், அதை முதலிலேயே நான் எழுதியிருக்க வேண்டும். உங்களிடம் யாரும் கூடுதல் விலை கேட்கக் கூடாது. கூடக் கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்காமல் பேரம் பேசுவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

இருந்தாலும் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். ஊரில் வாங்குவது என்றாலே விலை கூடும் என்பது எல்லாப் பொருளுக்கும் உண்மை அல்ல. வடசேரி உழவர் சந்தையில் காலை ஏழு மணிக்குள் போனால் காய்கறி வெளிக் கடையைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியபோதே, இடைத்தரகு இல்லாமல் விவசாயிக்குக் கூடவும் வாங்குகிறவருக்குக் குறையவும் விலை அமைய வேண்டும் என்பதுதான் நோக்கம். கனகமூலம் சந்தையில் மதியத்துக்கு மேல் கீரை கட்டு பாதி விலைக்கு வரும். செருப்புத் தைப்பவர், குடை ரிப்பேர் செய்பவர், மிக்ஸி காயில் கட்டுபவர் எல்லாரும் தனியாள் கடைக்காரர்களே. பழையதைச் சரிசெய்து இன்னும் இரண்டு ஆண்டு உழைக்க வைப்பதைவிடச் செலவு குறைந்த, குப்பையும் குறைந்த வழி எனக்குத் தெரியவில்லை. அதைப் பணமுள்ள வீடுகளைவிட உங்கள் வீட்டில்தான் காலகாலமாகச் செய்கிறீர்கள். நாங்கள் இப்போதுதான் கற்றுக் கொள்கிறோம்.

ஆட்டோ நிறுத்தம் (தக்கலை)

இந்தப் பதிலை ஏற்றுக் கொள்கிறேன். குடை ரிப்பேருக்கு எங்கள் நிறுத்தத்தின் அருகில் ஒரு பெரியவர் இருக்கிறார், மழைக்காலத்தில் வாருங்கள்.

அலைவாய்க்கரை (குளச்சல்)

மீனைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் நம்மிடம் இரண்டு. சின்னமுட்டம் சேர்ந்த கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் சேர்ந்த மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். கேரளத்தில் 52 நாள். மீன் முட்டையிட்டுப் பெருகத்தான் இந்தத் தடை. வள்ளத்திலும் (நாட்டுப்படகிலும்) கட்டுமரத்திலும் போகிறவர்களுக்குத் தடை இல்லை. ஆகவே தடைக்காலத்தில் மீன்கார அம்மாவிடம் "இது வள்ளத்து மீனா" என்று கேளுங்கள். வள்ளத்து மீன் அன்று பிடித்து அன்று கரையேறியது. பனிக்கட்டியில் பல நாள் லாரியில் வந்தது அல்ல. 2018 ஜூன் மாதத்தில் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் தடவிய மீன் டன் கணக்கில் பிடிபட்டது தடைக்காலத்தில்தான் என்பதை நினைவில் வையுங்கள். உள்ளூர் வரத்து குறையும்போதுதான் தூரத்து மீன் உள்ளே வருகிறது.

இன்னொன்று அளவு. பிஞ்சுச் சாளையை (மத்தியை) குவியலாக வைத்து மலிவாக விற்றால் வாங்காதீர்கள். கேரளத்தில் பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிப்பதற்கே தடை இருக்கிறது. ஆளின் நடுவிரல் நீளத்தைவிடச் சற்றே பெரியது என்று கணக்கு வைத்துக் கொள்ளலாம். சின்ன மீனை அள்ளி எடுத்துத் தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் அனுப்புவதால் அடுத்த பருவத்தில் எங்கள் மடிவலை வெறுமையாக வருகிறது. வட்டிக் கூடையில் மீன் வைத்து வீடு வீடாக வரும் பெண்கள் பெரும்பாலும் மீனவக் குடும்பத்து விதவைகளும் வயதானவர்களும். ஒக்கியில் கணவனை இழந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள் என்று கேட்டுக் கொள்கிறேன்.

பையில்லாக் கடை (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு)

பொட்டலம் கட்டுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் சிற்றூர் தாலுகாவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பொள்ளாச்சியிலிருந்தும் வாங்க வருகிறார்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை, கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதல். ஓராண்டு காலம் எல்லைக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு விதி இருந்ததால், கோபாலபுரம் தாண்டிப் பை கடத்தி வந்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

தடைக்குப் பிறகு வந்த மாற்றுகளில் இரண்டு நம்மை ஏமாற்றுகின்றன. ஒன்று, துணிபோலத் தெரியும் நெய்யாத பை. அது பருத்தி அல்ல, பாலிபுரொப்பிலீன். ஒரு ஓரத்தைக் கிழித்துத் தீக்குச்சியில் காட்டினால் சாம்பல் ஆகாமல் உருகிச் சுருண்டு சொட்டும். இரண்டாவது, செய்தித்தாள். வடையும் பஜ்ஜியும் சுற்றித் தருவது பசுமையான வழி என்று நினைக்கிறோம். அச்சுமையில் உள்ள நச்சு, பலகாரத்தின் எண்ணெயில் கரைந்து உணவோடு வயிற்றுக்குள் போகும் என்பதால், உணவைச் செய்தித்தாளில் சுற்றுவதையும் வைப்பதையும் 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிகள் தடுக்கின்றன. வாழையிலையும் தேக்கிலையும் இருக்கும் ஊரில் நாம் இதைச் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

துணிப்பை விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. மஞ்சப்பையை மீண்டும் கொண்டுவர 2021 டிசம்பர் 23 அன்று தமிழக அரசு தொடங்கிய இயக்கம் நல்ல இயக்கம். ஆனால் ஒவ்வொரு கடையும் விழாவுக்கு ஒரு புதிய துணிப்பை கொடுத்து, வீட்டில் நாற்பது பை சேர்ந்துவிட்டால் பயன் இல்லை. பருத்தி விளைய நீரும் உரமும் வேண்டும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் கணக்கிட்டபோது, பருவநிலைப் பாதிப்பை மட்டும் எடுத்துக் கொண்டாலே ஒரு சாதாரணப் பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று கண்டார்கள். ஆகவே புதுப்பை வாங்காதீர்கள். கல்யாணத் தாம்பூலப் பையும் பழைய வேட்டியில் தைத்த பையும் போதும். எங்கள் கடைக்கு வரும் ஒரு பாட்டி, 1990-களில் அச்சான கடைப் பெயர் பாதி அழிந்த பையை இன்னும் தோளில் போட்டு வருகிறார்கள்.

கோட்டாறு பலசரக்கு (நாகர்கோவில்)

மார்த்தாண்டத்துப் பெண் எழுதியதைப் படித்த மறுநாள் என் கடையைச் சுற்றிப் பார்த்தேன். கல்லாவில் எனக்கு நாற்காலி இருக்கிறது. சரக்கு எடுத்துக் கொடுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மூட்டைதான் இருக்கை, அதுவும் நான் வெளியே போயிருக்கும்போது மட்டும். முப்பது ஆண்டுகளாக இது என் கண்ணில் பட்டதே இல்லை என்பதை இங்கே ஒப்புக் கொள்கிறேன். இரண்டு முக்காலி வாங்கிப் போட்டுவிட்டேன். அவர்கள் முதல் நாள் உட்காரத் தயங்கினார்கள்; நான் கடையில் இருக்கும்போது இன்னும் தயங்கத்தான் செய்கிறார்கள்.

வடசேரித் தங்கைக்கு ஒன்று சொல்லப் பாக்கி. வீட்டுப் பாத்திரம் கொண்டு வருகிறவர்கள் சனிக்கிழமை மாலையில் வந்தால், வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழக்கிறார்கள், பிள்ளைகளுக்கும் எடைக் கணக்கு குழம்புகிறது. வார நாளில் மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் வாருங்கள். அப்போது மண்டி வேலை முடிந்து கடை காலியாக இருக்கும்.

வடசேரி மருமகள் (நாகர்கோவில்)

அப்படியே செய்கிறோம் அண்ணாச்சி. எங்கள் தெருவில் ஆறு வீடுகள் சேர்ந்திருக்கிறோம். ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் வெறும் டப்பாவின் எடையை அழியாத மையில் எழுதி வைத்திருக்கிறோம். முத்திரையிட்ட உங்கள் தராசில் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் பிறகு பிள்ளைகள் கழித்துக் கொள்ளலாம். மிளகாய்க்கும் மல்லிக்கும் தனித்தனி டப்பா, பருப்புக்குப் பழைய ஹார்லிக்ஸ் புட்டி, அரிசிக்கு என் மாமியாரின் பனையோலைக் கடவம். வருகிற செவ்வாய்க்கிழமை இரண்டரை மணிக்கு நானும் அடுத்த வீட்டு அக்காவும் வருகிறோம். புதுப்புளி வந்திருந்தால் கொட்டை எடுக்காததில் மூன்று கிலோ எடுத்து வையுங்கள். அது எந்த ஊர்ப் புளி என்பதையும் விசாரித்து வைத்தால் நல்லது.